இரும்பின் விலையும் பெயரின் விலையும்

பழைய துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழல் துருவேறியிருக்கிறது, விசை இறுகிக் கிடக்கிறது, மரக்கட்டையில் பூச்சி அரித்த தடம் தெரிகிறது. அதைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனால் எடை போட்டுச் சில ரூபாய்கள் கொடுப்பார்கள். அதே துப்பாக்கி இன்னாருடைய கையில் இருந்தது, இன்ன தேதியில் இன்னாரைச் சுட்டது என்று நம்பத்தக்க பத்திரம் ஒன்று அதனுடன் சேருமானால், அதன் விலை லட்சத்தைக் கடந்து கோடிக்குப் போகிறது. இரும்பில் யாதொரு மாறுதலும் இல்லை. பெயர் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. அந்தப் பெயரைச் சூட்டுகிறவர் யார், அதனால் லாபமடைகிறவர் யார், நஷ்டப்படுகிறவர் யார் என்பதைத் தமிழ் மக்கள் ஆராய வேண்டிய காலம் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் இவ்வியாபாரம் வெகு விமரிசையாக நடைபெற்று வருகிறது. பில்லி தி கிட் என்று பெயர்பெற்ற கொள்ளைக்கார இளைஞனை 1881-ம் வருஷம் ஜூலை மாதம் 14-ந் தேதி பாட் காரெட் என்ற அதிகாரி சுட்டுக் கொன்றார். அந்தக் கோல்ட் ரிவால்வர், 2021-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் போனாம்ஸ் கம்பெனியார் நடத்திய ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அதே வருஷம் அக்டோபரில், சிகாகோ நகரைக் கிடுகிடுக்க வைத்த அல் கபோனின் கைத்துப்பாக்கியை அவனுடைய பேத்திகளே ஏலத்துக்குக் கொடுத்தார்கள். 8 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் கேட்கப்பட்டது. போனி பார்க்கர், கிளைட் பாரோ என்ற ஜோடி 1934-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி போலீசாரால் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவர்களிடமிருந்து எடுத்த இரண்டு கைத்துப்பாக்கிகள், 2012-ம் வருஷம் செப்டம்பரில் சேர்ந்து 5 லட்சம் டாலருக்கு மேல் பெற்றன. அவ்விருவராலும் மாண்ட போலீஸ்காரர்களும் கடைக்காரர்களும் பலர். அவர்களுடைய பெயரை ஏலம் கேட்டவர் எவரும் உச்சரித்ததாகத் தெரியவில்லை.

இவ்விலைகளுக்கு ஆதாரமாயிருப்பது கைம்மாறிய வரலாறு. காரெட்டின் ரிவால்வர் அவர் கையை விட்டு ஒரு மதுக்கடைக்காரரிடம் சேர்ந்திருந்தது. காரெட்டின் மனைவி வழக்காடி அதை மீட்டார். அந்த வழக்கின் தஸ்தாவேஜுகளே பிற்காலத்தில் துப்பாக்கிக்கு ஜாதகம்போல் அமைந்தன. ஜாதகம் இல்லாத துப்பாக்கி வெறும் இரும்பு. இந்த உண்மையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நம்முடைய நாட்டு நிலைமையை விளக்குவதற்கு இதுவே திறவுகோல்.

ரஞ்சன்குடியில் பேசிய பீரங்கிகள்

கொள்ளைக்காரன், கலகக்காரன், சட்டத்தை மீறியவன் என்ற பெயர்களெல்லாம் எப்படிப் பிறக்கின்றன? இதை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே, ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. ஆர்க்காட்டு நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் கட்டியது. கீழிருந்து மேலாக மூன்று நிலைகளில் மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி ஆகிய அமைப்போடு இன்றும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கொத்தளங்கள் இருக்கின்றன, அவற்றின்மீது நின்ற ஆயுதங்கள் இல்லை.

1751-ம் வருஷம் இக்கோட்டையைச் சூழ்ந்த வாலிகண்டபுரத்து வெளியில் இரண்டு சேனைகள் பொருதன. ஒருபுறம் சந்தா சாகிபும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுக்காரரும். மறுபுறம் முகம்மது அலியும் அவருக்குத் துணைவந்த ஆங்கிலேயரும். ஆர்க்காட்டுக்கு நியாயமான நவாப் நானே என்றார் சந்தா சாகிப். நானே என்றார் முகம்மது அலி. கோட்டைத் தலைவன் இரு சாராருக்கும் பிடிகொடாமல் காலங்கடத்தினான். எந்தப் பீரங்கி ஓங்குகிறது என்று பார்த்துப் பிறகு நியாயத்தைத் தீர்மானிக்கலாம் என்று அவன் எண்ணியிருக்கவேண்டும். அவன் எண்ணம் தவறென்று சரித்திரம் சொல்லவில்லை. மறுவருஷம் சந்தா சாகிப் சரணடைந்து தலையிழந்தார். முகம்மது அலி நியாயமான நவாப் ஆனார். சட்டத்தின் எல்லைக்குள் இருந்தவர் யார், வெளியே இருந்தவர் யார் என்பது வெற்றிக்குப் பிறகே எழுதப்பட்டது.

அந்தச் சேனையோடு, உணவுப் பொருள் சேகரிக்கும் உத்தியோகத்தில் ஓர் இளைஞர் வந்திருந்தார். அவரே ராபர்ட் கிளைவ். 1752-ல் பிரெஞ்சுத் தளபதி டோத்தேய் இதே வாலிகண்டபுரத்தில் கிளைவிடம் சரணடைந்தார். தந்தை பெற்ற பெயர் இங்கே தொடங்கிற்று. மகன் செய்த காரியத்தை இனிக் காண்போம்.

தந்தைக்குப் பின் மகன்

ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னைக் கவர்னராக இருந்தார். அவர் காலத்தில்தான் வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799-ம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ந் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ம் வருஷம் ஜூன் மாதம் மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் மதிற்சுவர்களில் ஒட்டப்பட்டது. அதே வருஷம் அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேறினர். நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலேறினார். எஞ்சியவர்களில் 73 பேர் 1802-ல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். கும்பெனியாருடைய காகிதங்களில் இவர்களுக்கெல்லாம் ஒரே பெயர்தான்: கலகக்காரர். தங்கள் மண்ணில் தாங்கள் நின்றதே இவர்கள் செய்த கலகம்.

1801-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென் சீமையில் ஆயுதம் தாங்கும் வழக்கமே ஒழிக்கப்படவேண்டும் என்பது அதன் சாரம். திரித்துப்பாக்கியும் ஈட்டியும் கும்பெனியிடம் ஒப்படைக்கப்பட வேண்டியவை ஆயின. பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நாம் காணும் கோட்டை, தமிழ்நாட்டு அரசினர் 1974-ல் நினைவுச் சின்னமாக எழுப்பியது. பழைய கோட்டை மண்ணோடு மண்ணாயிற்று.

ஆயுதங்களைப் பறித்ததோடு விஷயம் முடியவில்லை. அமெரிக்கக் கொள்ளைக்காரனுடைய துப்பாக்கிக்கு நீதிமன்றப் பத்திரமும் மனைவியின் வழக்கும் ஜாதகமாயின. நம் பாளையக்காரர் ஒப்படைத்த துப்பாக்கி குவியலில் எறியப்பட்டது. எந்த ஊர், எந்த வீடு, எந்தப் போர் என்று குறித்து வைக்க எவருக்கும் அக்கறையில்லை. ஆயுதத்தை இழந்தோம், அதன் ஜாதகத்தையும் இழந்தோம்.

எடைக்குப் போனதும் ஏலத்துக்குப் போனதும்

இழந்த விதம் இரண்டு. ஒன்று, எடை போட்டு விற்றது. தஞ்சை அரச வம்சம் 1855-ல் ஆண்வாரிசின்றி முடிந்தது என்று சொல்லிக் கும்பெனியார் ராஜ்யத்தை எடுத்துக்கொண்ட பிறகு, அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. சில நல்ல ஆயுதங்கள் சென்னைப் பொருட்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தன. இன்றும் எழும்பூரில் அவற்றைக் காணலாம். மீந்தவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. இதைச் சொன்னவர் ஒரு தேசபக்தர் அல்லர். வால்ஹவுஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1878-ல் வருத்தத்தோடு எழுதி வைத்தார். தலைமுறை தலைமுறையாகக் கொல்லர்கள் மெருகிட்ட வேலைப்பாடு, இரும்புக் கடையின் தராசில் ஏறி இறங்கிற்று.

மற்றொன்று, வெற்றிச் சின்னமாகக் கப்பலேறியது. 1799-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், அவருடைய அரண்மனைப் பொருள்கள் கொள்ளைப் பங்காகப் பிரிக்கப்பட்டன. கும்பெனி எழுத்தாளர்கள் திப்புவைக் கொடுங்கோலன் என்றும் ராஜ்யத்தை அபகரித்தவன் மகன் என்றும் எழுதிவந்தார்கள். அபகரித்தவனுடைய பொருளை எடுத்துக்கொள்வது அபகரிப்பு ஆகாது என்பது அவர்கள் தர்க்கம் போலும்! திப்புவின் கூடாரமும் சிங்காதனத்துப் புலித்தலை ஒன்றும் இன்று வேல்ஸ் நாட்டில் போவிஸ் மாளிகையில் இருக்கின்றன. அம்மாளிகை எந்தக் குடும்பத்தாருடையதாக இருந்தது? கிளைவ் குடும்பத்தாருடையதாக இருந்தது. ரஞ்சன்குடியருகே உணவு மூட்டை எண்ணிய தந்தைக்குப் பிறந்த மகன், தமிழ்நாட்டை நிராயுதபாணியாக்கியவர், பிற்காலத்தில் போவிஸ் பிரபு ஆனார். தந்தையும் மகனும் நடந்த பாதை வாலிகண்டபுரத்து மைதானத்திலிருந்து அந்தக் கண்ணாடிப் பெட்டி வரையில் நேராகச் செல்கிறது.

மாளிகையில் இருப்பவை ஒரு கணக்கு. ஏலத்துக்கு வந்தவை வேறு கணக்கு. 2015-ம் வருஷம் ஏப்ரல் மாதம் லண்டன் போனாம்ஸ் ஏலத்தில் திப்புவின் ஆயுதங்கள் 30 உருப்படிகளாக விற்கப்பட்டு 60 லட்சம் பவுனுக்கு மேல் வசூலாயிற்று. வெள்ளி வேலைப்பாடமைந்த ஒரு வேட்டைத் துப்பாக்கி மட்டும் 7 லட்சத்து 22 ஆயிரத்து 500 பவுன் பெற்றது. 2019-ம் வருஷம் மார்ச் மாதம் பெர்க்ஷயர் பிரதேசத்தில் மற்றொரு ஏலம். கும்பெனிச் சேனையைச் சேர்ந்த மேஜர் தாமஸ் ஹார்ட் கொண்டுபோன பொருள்கள் ஒரு குடும்பத்தின் வீட்டுப் பரணில் கிடந்தனவாம். அவற்றில் சக்கிமுக்கிக் கல் பொருத்திய ஒரு துப்பாக்கி 60 ஆயிரம் பவுனுக்குப் போயிற்று. ஏலத்தை நிறுத்திப் பொருள்களைத் திருப்பித் தரவேண்டும் என்று இந்தியர் சிலர் குரலெழுப்பினர், சுத்தியல் நிற்கவில்லை. 2023-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி, திப்புவின் பள்ளியறை வாள் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. 1799-ல் படைத்தலைவர் பேர்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்ட வாள் அது.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். அன்று திப்பு என்ற பெயர் கும்பெனியாருக்கு வசைச்சொல். இன்று அப்பெயரே விலையை ஏற்றும் மந்திரம். பகைவன் எவ்வளவு பெரியவனோ அவ்வளவு பெரிய விலை. வீரத்தை உடையவன் ஒருவன். அதன் விலையை எண்ணி வாங்குகிறவன் மற்றொருவன்.

தனவந்தர் தயவு

இந்தியப் பணக்காரர் எவரேனும் ஏலத்தில் வாங்கித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தால் போதாதா என்று கேட்பவருண்டு. அதையும் பார்த்தாயிற்று. விஜய் மல்லையா 2003-ல் லண்டன் ஏலமொன்றில் திப்புவின் வாள் ஒன்றை 1 லட்சத்து 75 ஆயிரம் பவுனுக்கு வாங்கினார். தேசமே மகிழ்ந்தது. 2009-ல் மகாத்மாவின் மூக்குக்கண்ணாடியையும் கடிகாரத்தையும் நியூயார்க் ஏலத்தில் 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். மறுபடியும் மகிழ்ந்தோம். 2016-ல் அவர் தேசத்தை விட்டுப் போனார். கடன் கொடுத்த பாங்குகள் தொடுத்த வழக்கு லண்டனில் நடந்தபோது, அந்த வாள் குடும்பத்துக்கு ஆகாது என்று கருதி அதைக் கொடுத்துவிட்டதாக 2018-ல் வெளிப்பட்டது. ஒரு மனிதனுடைய செல்வத்தையும் மனப்போக்கையும் நம்பித் தேசத்தின் பொக்கிஷத்தை விடுவது எத்தகைய பேதைமை! அன்றியும், நாம் போட்டியிட்டு வாங்குந்தோறும் அடுத்த பரணில் கிடக்கும் கொள்ளைப் பொருளுக்கு விலை ஏறுகிறது. கொள்ளை கொண்டவன் பேரனுக்கு நாமே கூலி கொடுப்பதாகும்.

சட்டத்தின் உதவி எவ்வளவு? 1970-ம் வருஷத்து யுனெஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா 1977-ல் சேர்ந்தது. அது 1799-க்குப் பின்னோக்கிச் செல்லாது. ஆகவே பழைய கொள்ளையை மீட்க உள்ள வழி, உடையவர்களின் மனச்சாட்சியைத் தொட்டுப் பேசுவதே. அது வீண் முயற்சி அல்ல. கிளாஸ்கோ நகரத்துப் பொருட்காட்சிசாலையார் 2022-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 7 பொருள்களை இந்தியாவுக்குத் திருப்பித்தர ஒப்பந்தம் செய்தார்கள். அவற்றில் ஒரு வாளும் உண்டு. அங்கும் வெற்றி தந்தது தஸ்தாவேஜுதான்: எப்போது, எங்கிருந்து, எவ்வாறு போயிற்று என்று காட்ட முடிந்ததை மறுக்க முடியவில்லை.

துப்பாக்கியைப் போற்றலாமா?

அஹிம்சையை உலகுக்குப் போதித்த தேசம் கொலைக் கருவிகளைப் பேணுவதா என்று ஓர் ஆட்சேபம் எழலாம். நியாயமான கேள்வி. அதற்கு நம் தலைவர்களே விடை கூறிச் சென்றார்கள். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் வெள்ளையனுக்கு விலக்களித்து இந்தியனுக்கு மட்டும் விலங்கிட்டது. காந்தியடிகள் 1930-ல் வைசிராய் இர்வினுக்கு விடுத்த 11 கோரிக்கைகளில், தற்காப்புக்கு ஆயுத லைசென்ஸ் அளிக்க வேண்டுமென்பதும் ஒன்று. 1931-ம் வருஷத்துக் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைப் பிரஜைகளின் உரிமையாகத் தீர்மானித்தது. ஆயுதம் இருந்தும் எடுக்காதவனே அஹிம்சாவாதி. பறிகொடுத்தவன் வெறும் நிராயுதபாணி என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

ஆயினும் ஒரு வரம்பு வேண்டும். சந்தன மரத்துக்கும் யானைத் தந்தத்துக்குமாகக் காட்டில் துப்பாக்கி தூக்கிய வீரப்பன் 2004-ம் வருஷம் அக்டோபர் மாதம் 18-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டான். நாளை ஒருவர் அவன் துப்பாக்கி இதோ என்று ஏலம் கூறினால், அவனால் மாண்ட காவலர்களின், வன ஊழியர்களின் வீட்டார் செவியில் அது எப்படி ஒலிக்கும்? கட்டபொம்மனையும் அல் கபோனையும் ஒரே பட்டியலில் அடக்கும் ஏலக்காரனுடைய அகராதி நமக்கு உதவாது. எதற்காகத் துப்பாக்கியை எடுத்தான், யாரை நோக்கி நீட்டினான், அதற்கு என்ன விலை கொடுத்தான் என்று கேட்டுப் பிரித்தறிவதே சரித்திரத்தின் வேலை. அந்த வேலையைச் செய்யக்கூடிய இடம் பொருட்காட்சிசாலை. ஏலக்கூடம் அதைச் செய்யாது.

ஒரு நம்பர் காத்த பிஸ்டல்

1928-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17-ந் தேதி லாகூரில் சாண்டர்ஸ் சுடப்பட்டபோது பகத் சிங் கையாண்ட .32 கோல்ட் பிஸ்டல் எங்கே இருக்கிறது என்று நெடுங்காலம் தேசத்துக்குத் தெரியாது. அது எல்லைப் பாதுகாப்புப் படையினரின் இந்தூர்க் கிடங்கில், மற்றப் பழைய ஆயுதங்களோடு கறுப்பு வர்ணம் பூசப்பட்டுக் கிடந்தது. வழக்குத் தஸ்தாவேஜில் 168896 என்ற நம்பர் இருந்தது. 2016-ல் வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள், அதே நம்பர்! மறுவருஷம் அந்தப் பிஸ்டல், பகத் சிங்கின் உடல் எரியூட்டப்பட்ட ஹுசைனிவாலாவுக்குச் சென்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. சந்திரசேகர ஆசாத்தின் பிஸ்டலும் ஒரு போலீஸ் அதிகாரியோடு இங்கிலாந்து போய்ப் பின்னர் திரும்பிவந்து, அவர் 1931-ல் உயிர்நீத்த அலகாபாத் நகரத்துப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. ஆறு இலக்கங்கள் எழுதப்பட்டிருந்ததால் ஒரு சின்னம் பிழைத்தது. எழுதப்படாததால் பிழைக்காதவை எத்தனையோ!

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன? முதலாவது, தமிழ்நாட்டில் இன்னும் மிஞ்சியிருப்பதற்கு ஜாதகம் எழுதுவது. ஜமீன் வீடுகளிலும், கோயில்களிலும், போலீஸ் நிலையக் கிடங்குகளிலும், கோர்ட்டுகளிலும் பழைய துப்பாக்கியோ, ஈட்டியோ, வளரியோ இருக்குமாயின், அதன் அளவு, குழலில் உள்ள முத்திரை, எண், படம், எவ்வாறு அங்கே வந்தது என்ற செய்தி ஆகியவை மாவட்டந்தோறும் ஒரே பதிவேட்டில் ஏறவேண்டும். இரண்டாவது, பழைய ஆயுதத்தைக் கிடங்கிலிருந்து எடுத்து அழிக்குமுன் தொல்லியல் அறிந்தவர் ஒருவர் பார்வையிட வேண்டும். மூன்றாவது, ஜனங்களுடைய அச்சத்தைப் போக்கவேண்டும். பழுது பார்த்தாலும் சுட இயலாத பழங்கால ஆயுதத்துக்கு 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் விலக்களித்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் விதித்திருக்கிறது. முன்னதை அறியாத குடியானவன் பாட்டனுடைய துப்பாக்கியைக் கிணற்றில் போடுவான். பின்னதை அறிந்த தரகன் அதைச் சொற்ப விலைக்கு வாங்கி ஒளித்துக் கடத்துவான். இவ்விரண்டையும் தடுக்கவேண்டுமானால், இன்ன தேதிக்குள் கொண்டுவந்து காட்டுவோர்மீது வழக்கில்லை, பொருள் உங்களுடையதே, விவரம் மட்டும் எழுதிக்கொள்வோம் என்று அரசினர் தமிழில் தெளிவாக அறிவிக்க வேண்டும்.

இப்பணியில் சர்க்காரை மட்டும் எதிர்பார்த்திருப்பது தேசத்தொண்டர்களுக்கு அழகன்று. வாலிகண்டபுரத்திலும் ரஞ்சன்குடியிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் முதியவர்கள் சொல்லும் செய்திகளை இரண்டு இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சென்று எழுதிவரலாம். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை; ஏலத்தொகையும் தேவையில்லை. லண்டனில் சுத்தியல் விழும்போது புலம்புவதற்கு ஒரு நாள் போதும். விழுமுன் நம் வீட்டுப் பரணை ஆராய்வதற்கு ஊருக்கு ஒரு மாதம் பிடிக்கும். அந்த ஒரு மாதத்தைத் தர நாம் தயாரா என்பதே கேள்வி.